தொண்டு செய்யலாம், கேள்வி கேட்கக் கூடாதா?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் ஒரு தோட்டப்புறப் பட்டணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதம் நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன்.

ரப்பர் காலத்தில் ஆயக்கொட்டகையாக, அதாவது தொழிலாளர் பிள்ளைகளின் காப்பகமாக, இருந்த ஒரு பழைய கட்டடம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்களும் காலியான பிறகு, தோட்ட நிர்வாகம் வாய்மொழியாக அனுமதி கொடுக்க, பதிவு பெற்ற சமூகநலச் சங்கம் ஒன்று அங்கே மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குப் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் நடத்தி வருகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். சமூகநல இலாகாவின் ஆண்டு மானியம், சட்டமன்ற உறுப்பினர் அவ்வப்போது தரும் உதவி, கோயில் நன்கொடை, வரிவிலக்கு ரசீது வாங்கிக்கொண்டு கொடுக்கும் சில வியாபாரிகள், இவைதான் வருமானம். சகோதரி அந்தச் சங்கத்தின் செயலாளர்.

பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இன்னும் ஓகேயு அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இல்லை. மதிப்பீட்டுக்குத் தூரத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது, கிடைத்த நாளில் தோட்டத்திலிருந்து நேரத்துக்குப் பஸ் கிடையாது. வாடகைக் காடி வைத்தால் அந்தக் காசும் போகும், பெற்றோரின் அன்றைய சம்பளமும் போகும். அட்டை இல்லாததால் அதை வைத்துக் கிடைக்கவேண்டிய உதவித்தொகைகளும் கைக்கு வருவதில்லை. இதையெல்லாம் சகோதரி மகஜராக எழுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுக்கத் தயாரானபோது, தலைவர் தடுத்துவிட்டார். "நாம் சேவை செய்கிறவர்கள், அரசியல் செய்யக் கூடாது. சங்கப் பதிவு போய்விடும், மானியம் நின்றுவிடும், தோட்டத்துக்காரன் கட்டடத்தைத் திரும்பக் கேட்பான்" என்கிறாராம். இலாகாவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் "இதைப் பெரிதுபடுத்த வேண்டாமே" என்று சொன்னது அவர் பயத்தை இன்னும் கூட்டிவிட்டது. போதாததற்கு, அரசாங்கத்திடம் கோரிக்கை வைக்கும் அறநிறுவனங்களுக்கு வரிவிலக்கு பறிபோகும் என்று இணையத்தில் படித்ததாகத் தலைவரின் மருமகன் வந்து சொல்லியிருக்கிறார். தமிழ்ப்பள்ளி ஆசிரியையான பொருளாளர் மட்டும் சகோதரி பக்கம். இளைஞர்களோ பிள்ளைகளின் படங்களை முகநூலில் போட்டு நாட்டையே கேட்க வைப்போம் என்கிறார்கள்.

சகோதரி கேட்பது நான்கு. நான் செய்ய நினைப்பது சட்டப்படி தவறா? சங்கத்தை விட்டுவிட்டு என் சொந்தப் பெயரில் கொடுத்துவிடலாமா? இதற்கென்றே தனி அமைப்பு தொடங்கலாமா? மாற்றுத்திறனாளிகள் சட்டம் இருக்கிறதே, அதன்கீழ் அரசின்மீது வழக்குப் போட்டால் என்ன?

சகோதரி, முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். தவறில்லை. ஒரு சேவைச் சங்கம் தன் பிள்ளைகளுக்குத் தேவையானதை அமைச்சிடமோ, மாநில அரசிடமோ, நகராண்மைக் கழகத்திடமோ கேட்பதற்கு இந்த நாட்டுச் சட்டத்தில் தடை கிடையாது. கேட்கும் முறையில் கவனம் வேண்டும், அதைப் பற்றித்தான் இந்தப் பதில் முழுக்க. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் வருடா வருடம் ஒவ்வொரு பிள்ளையாக வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறீர்கள். இந்த வருடம் ஐந்து பேர் முடிந்தால் அடுத்த வருடம் இன்னும் ஐந்து பேர் வருவார்கள். பஸ் அந்தப் பக்கம் வராததும், நிபுணர் உங்கள் வட்டாரக் கிளினிக்குக்கு வராததும் யாரோ ஒருவர் எடுத்த முடிவு, அல்லது யாருமே எடுக்காமல் விட்ட முடிவு. அதன் விளைவை உங்களைப்போல் கிட்டத்திலிருந்து பார்க்கிறவர்கள் வேறு யாரும் இல்லை. நீங்கள் சொல்லாவிட்டால் புத்ரஜெயாவில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

தலைவர் "அரசியல்" என்று சொல்வது எதை?

தலைவர்மீது கோபப்படாதீர்கள். அவர் வயதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அறுபது, எழுபதைத் தாண்டியவராக இருந்தால் அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தை 1981ல் திருத்தினார்கள். அரசின் கொள்கைகளைப் பற்றிப் பொதுவில் கருத்துச் சொல்லும் சங்கங்களை "அரசியல் சங்கம்" என்று தனி வகையில் போட அந்தத் திருத்தம் இடம் கொடுத்தது. நாடு முழுக்க உள்ள சங்கங்கள், நலச் சங்கங்கள், பயனீட்டாளர் சங்கங்கள், மத அமைப்புகள் எல்லாம் சேர்ந்து எதிர்த்தார்கள். 1983ல் அந்த வகையையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் சட்டத்தை விட்டுப் போன பயம் செயலவைகளை விட்டுப் போகவில்லை, இன்றைக்கும் பல சங்கங்களில் "வாயைத் திறந்தால் பதிவு போகும்" என்பது பரம்பரைச் சொத்துபோல் கைமாறி வருகிறது.

இன்றைய சட்டத்தில் அரசியல் கட்சி என்பதற்கான விளக்கம் தேர்தலைச் சுற்றியே இருக்கிறது. தன் வேட்பாளர்களை நிறுத்தி நாடாளுமன்ற, சட்டமன்ற அல்லது உள்ளாட்சித் தேர்தலில் பங்கேற்பதைத் தன் நோக்கங்களிலோ விதிகளிலோ வைத்திருக்கும் சங்கம்தான் கட்சி. "எங்கள் பிள்ளைகளுக்கு மாதம் ஒருமுறை நிபுணரை வட்டாரக் கிளினிக்குக்கு அனுப்புங்கள்" என்று கேட்பது அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் மகஜர் கொடுக்கும் நிகழ்ச்சியில் கட்சிக் கொடி தெரிவது, தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளரோடு மேடை ஏறுவது, "இவருக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று சங்கத்தின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அனுப்புவது, இவற்றின் பக்கமே போகாதீர்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு கட்சி, சட்டமன்ற உறுப்பினர் வேறு கட்சி என்றால் இருவருக்கும் ஒரே கடிதத்தை ஒரே நாளில் கொடுங்கள்.

உண்மையில் பதிவுக்கு ஆபத்து வேறு திசையிலிருந்து வரும். அறிவித்த நோக்கத்தை விட்டு வேறு நோக்கத்தில் செயல்பட்டால் பதிவை ரத்துச் செய்ய 13ஆம் பிரிவு பதிவதிகாரிக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதனால் உங்கள் சட்டவிதிப் புத்தகத்தை எடுத்து "நோக்கங்கள்" பகுதியைப் படித்துப் பாருங்கள். "மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் நலனைப் பேணுவது" என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் உங்கள் மகஜர் அதற்குள் அடங்கும் என்று வாதிடலாம். "அவர்கள் நலன் குறித்து அரசாங்கத் துறைகளுக்குக் கருத்தும் கோரிக்கையும் சமர்ப்பிப்பது" என்று தெளிவாக ஒரு வரி இருந்தால் வாதமே தேவைப்படாது. இல்லையென்றால் அடுத்த பொதுக்கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பதிவிலாகாவின் அனுமதி வந்த பிறகுதான் அந்தத் திருத்தம் செல்லும்.

அப்புறம் ஆண்டறிக்கை. பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் கணக்கும் அறிக்கையும் பதிவிலாகாவுக்குப் போயாக வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுப் பதிவை இழந்த சங்கங்கள் ஏராளம். ஒரு கோரிக்கை வைத்து யாருக்காவது எரிச்சல் ஏற்பட்டால் முதலில் தோண்டப்படுவதும் இந்தக் கணக்குப் புத்தகம்தான். உங்கள் கடிதத்தில் கடைசிப் பொதுக்கூட்டம் எப்போது நடந்தது என்பது பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாதது எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. மகஜருக்கு முன்னால் அதைச் சரிசெய்யுங்கள். பதிவை ரத்துச் செய்வதென்றால் முதலில் காரணம் கேட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், முடிவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் உள்துறை அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஒரே இரவில் பதிவு பறந்துவிடும் என்று தலைவர் நினைத்தால், அப்படி நடக்காது என்று அவரிடம் சொல்லுங்கள்.

மருமகன் படித்தது அமெரிக்கச் சட்டத்தைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். அங்கே வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனங்கள் வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்பது 1954லிருந்து முழுத் தடை. ஆனால் சட்டம் இயற்றுகிறவர்களிடம் கோரிக்கை வைக்க அங்கும் அனுமதி உண்டு, அளவு மீறக் கூடாது, அவ்வளவுதான். 1976ல் அதற்கு ஒரு கணக்கையே வகுத்துவிட்டார்கள். அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் தன் செலவின் முதல் 5 லட்சம் டாலரில் 20 விழுக்காடு வரை இதற்குச் செலவழிக்கலாம். ஆக, மருமகன் பாதியைத்தான் படித்திருக்கிறார், அதுவும் நமக்குப் பொருந்தாத பாதி. நமக்கு 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு. அதன்கீழ் உங்கள் சங்கத்துக்குக் கொடுத்த அங்கீகாரக் கடிதத்தில் நிபந்தனைகள் இருக்கும். அந்தக் கடிதத்தைப் பொருளாளரின் கோப்பிலிருந்து எடுத்து வரிவரியாகப் படியுங்கள். உங்கள் சங்கத்துக்கு அது சொல்வதுதான் கணக்கு.

மானியமும் கட்டடமும்: பயத்தில் நியாயம் இருக்கும் இடம்

இங்கே தலைவர் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. மானியம் உங்கள் உரிமை என்று சட்டத்தில் இல்லை, அது அரசு விருப்பப்பட்டுக் கொடுப்பது. காரணம் சொல்லாமலே அடுத்த ஆண்டு குறைக்கலாம், தாமதப்படுத்தலாம். நியாயமற்ற முடிவு என்றால் உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு கேட்கலாம்தான், முடிவு தெரிந்த 3 மாதத்துக்குள் போக வேண்டும். ஆனால் முப்பது பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டை நம்பிக்கொண்டு அந்த வழியை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மானிய ஒப்பந்தத்தில் "பொது அறிக்கை விடுவதற்கு முன் அனுமதி" என்று ஏதாவது ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பத்திரிகைக்குப் போகாமல் இலாகா வழியாகவே கடிதம் கொடுங்கள். இல்லாவிட்டாலும் மகஜரின் ஒரு பிரதியை மாவட்டச் சமூகநல அதிகாரிக்கு முதலில் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தத் தொலைபேசி அழைப்பைத் தடையுத்தரவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதிகாரிக்கும் மேலதிகாரி உண்டு, நாளைக்குச் செய்தித்தாளில் பார்த்துத்தான் விஷயம் தெரிய வந்தது என்ற நிலை அவருக்கு வரக் கூடாது. பல நேரம் இலாகாவுக்குள்ளே இருப்பவர்களுக்கே இப்படி வெளியிலிருந்து ஒரு காகிதம் வந்தால்தான் மேலே எடுத்துச் சொல்ல ஒரு பிடி கிடைக்கிறது.

கட்டட விஷயம்தான் உங்களுடைய பலவீனம். வாய்மொழி அனுமதி என்பது உரிமையாளர் நியாயமான அவகாசம் கொடுத்துத் திரும்பப் பெறக்கூடிய ஒன்று. மகஜரில் தோட்ட நிர்வாகத்தைப் பற்றி ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் நிலம் கைமாறினாலோ வீடமைப்புத் திட்டம் வந்தாலோ மகஜர் இல்லாமலே நீங்கள் வெளியே போக நேரலாம். எனவே மாதம் ஒரு சிறு தொகை வாடகை என்றாவது பேசி, எழுத்தில் ஒரு வாடகை ஒப்பந்தம் கேளுங்கள். 3 ஆண்டுக்கு மேற்படாத வாடகைக்கு நில அலுவலகத்தில் குத்தகைப் பதிவு தேவையில்லை, முத்திரைக் கட்டணம் கட்டினால் போதும். வாடகைதாரர் என்றாகிவிட்டால், நீங்களாக வெளியேறாதவரை, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. மகஜருக்கு முன்னால் இதை முடிக்க முடிந்தால் மிக நல்லது.

இன்னொரு அபாயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். சேவை செய்துகொண்டே பேசியவர்களுக்கு இந்த நாட்டில் விலை இருந்திருக்கிறது. சுங்கைப் பட்டாணியில் பிறந்த ஐரின் பெர்னாண்டஸ் தெனாகானித்தா அமைப்பின் மூலம் அந்நியத் தொழிலாளர்களுக்கு உதவி செய்துகொண்டிருந்தவர். தடுப்பு முகாம்களின் நிலைமை பற்றி 1995ல் ஒரு மகஜர் வெளியிட்டார். 1996ல் பொய்ச் செய்தி வெளியிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2003ல் 12 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, 2008ல்தான் உயர் நீதிமன்றத்தில் விடுதலை ஆனார். பஸ்ஸும் நிபுணரும் கேட்கும் உங்கள் கோரிக்கை அந்த வகையைச் சேர்ந்ததில்லை, உங்களுக்கு அப்படி நடக்கும் என்று நான் நினைக்கவும் இல்லை. ஆனால் மகஜரில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். "ஆஸ்பத்திரி ஊழியர்கள் நம் பிள்ளைகளை வேண்டுமென்றே அலட்சியப்படுத்துகிறார்கள்" என்று உங்கள் வரைவில் ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். உங்களால் நிரூபிக்க முடியாது, அவதூறு வழக்குக்கும் இடம் கொடுக்கும். அதற்குப் பதிலாக, எந்த மாதம் விண்ணப்பித்து எந்த மாதம் தேதி கிடைத்தது என்று பிள்ளை வாரியாக ஓர் அட்டவணை போடுங்கள். படிக்கிறவரே புரிந்துகொள்வார்.

சரி, பேசியதால் பலன் கிடைத்த கதையும் உண்டே. 1982ல் மகளிர் உதவி அமைப்பு ஒன்று, அடிபட்டு வந்த பெண்களுக்கு அடைக்கலம் கொடுக்க ஓர் இல்லம் திறந்தது. குடும்பத்துக்குள் நடப்பதில் போலீஸ் தலையிடாது என்ற நிலை அப்போது. அடைக்கலம் தேடி வந்த பெண்களின் அனுபவங்களைத் திரட்டி, மற்ற மகளிர் அமைப்புகளோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் அரசின் கதவைத் தட்டினார்கள். 1994ல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறியது, 1996ல் அமலுக்கு வந்தது. அந்த இல்லம் மூடப்படவில்லை, இன்றும் நடக்கிறது. தலைவருக்கு இதைச் சொல்லுங்கள். அடைக்கலம் கொடுத்ததும் சட்டம் கேட்டதும் ஒரே ஆட்கள்தான்.

பிள்ளைகளின் பெயரும் படமும்

இளைஞர்களின் ஆர்வம் எனக்குப் புரிகிறது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பாதுகாப்புத் தேவைப்பட்டவராகவோ, ஒரு குற்றத்தில் பாதிக்கப்பட்டவராகவோ அதிகாரிகளின் நடவடிக்கைக்குள் வந்த பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் பிள்ளைகளில் அப்படிப்பட்டவர்கள் ஒருவரோ இருவரோ இருக்கலாம், இளைஞர்களுக்கு அது தெரியாமல்கூட இருக்கலாம். அந்தச் சட்டத்துக்குள் வராத பிள்ளை என்றாலும், சின்ன ஊரில் பெயரை மறைத்து என்ன பயன்? "லாரி ஓட்டுநரின் இரண்டாவது மகள்" என்றால் ஊருக்கே தெரியும்.

பெற்றோர் சம்மதிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நிலையத்தில்தான் அவர்கள் பிள்ளை இருக்கிறது, வேறு இடம் கிடையாது. அப்படியிருக்க, நீங்கள் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு எவ்வளவு தைரியம் இருக்கும்? அதனால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், மறுத்தாலும் சேவை நிற்காது என்பதை அந்தத் தாளிலேயே தமிழில் எழுதுங்கள், எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் சேருங்கள். சொல்லப்போனால் மகஜருக்குப் படமே தேவையில்லை, அந்த அட்டவணை போதும்.

இதோடு சேர்ந்த இன்னொரு குறை, நீங்களே கவனித்திருக்க மாட்டீர்கள். உங்கள் வரைவு முழுக்க "எங்கள் சங்கம் கேட்டுக்கொள்கிறது" என்றுதான் வருகிறது. பெற்றோர் எங்கே? வளர்ந்துவிட்ட மாற்றுத்திறனாளிகள் எங்கே? மலேசியா 2010ல் ஏற்றுக்கொண்ட ஐநா மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையின் 4ஆம் விதி, அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களையும், அவர்களைப் பிரதிநிதிக்கும் அமைப்புகளையும், பிள்ளைகள் உட்பட, அரசு கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. அரசிடம் அதைக் கேட்கும் நீங்களும் அதைச் செய்ய வேண்டும் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம் வையுங்கள், வரைவைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எது முதலில் வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். நீங்கள் நிபுணர் வருகையை முதலில் வைத்திருக்கிறீர்கள், அவர்கள் பஸ்ஸை முதலில் வைத்தால் ஆச்சரியமில்லை. மகஜர் கொடுக்கும் நாளில் இரண்டு தாய்மார்களாவது பேச வேண்டும்.

யாரிடம் எதைக் கேட்பது

உங்கள் மகஜரில் ஏழு கோரிக்கைகள், எல்லாம் ஒரே நாடாளுமன்ற உறுப்பினருக்கு. இப்படிக் கொடுத்தால் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு கோப்பில் வைத்துவிடுவார்கள். அரசியலமைப்பின் 9ஆம் அட்டவணைப்படி மருத்துவமும் சுகாதாரமும் கூட்டரசின் பொறுப்பு. உள்ளாட்சி மாநிலத்துடையது. சமூகநலம் இரண்டுக்கும் பொது. ஆகவே நிபுணரை வட்டாரக் கிளினிக்குக்கு அனுப்பக் கேட்பது சுகாதார அமைச்சிடமும் மாநிலச் சுகாதார இலாகாவிடமும். நாடாளுமன்ற உறுப்பினர் அதற்குத் துணை, அவர் அவையில் ஒரு கேள்வி எழுப்பினால் அமைச்சர் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் நாடாளுமன்ற நடவடிக்கைப் பதிவேடான ஹன்சார்டில் பதிவாகும். பஸ் வேறு கதை. ஸ்மார்ட் சிலாங்கூர் இலவசப் பஸ் மாநில அரசின் திட்டம், 2015ல் தொடங்கியது, உள்ளாட்சி மன்றங்கள் வழியாக ஓடுகிறது. வழித்தடத்தை உங்கள் தோட்டம்வரை நீட்டக் கேட்பது நகராண்மைக் கழகத்திடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும். சக்கர நாற்காலி ஏறும் வசதியையும் சேர்த்துக் கேளுங்கள்.

நீங்கள் சிலாங்கூரில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. 2011ல் மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ், மாநில இலாகாக்களிடமும் உள்ளாட்சி மன்றங்களிடமும் நீங்கள் எழுதித் தகவல் கேட்கலாம். இப்போதைய பஸ் வழித்தடங்கள் எந்த அடிப்படையில் முடிவாயின, எத்தனை பேர் பயணிக்கிறார்கள் என்று கேளுங்கள். கூட்டரசு ஆஸ்பத்திரிக்கு இந்தச் சட்டம் செல்லாது, அதற்குத்தான் நாடாளுமன்றக் கேள்வி. நேரமும் முக்கியம். கூட்டரசு வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகிறது, அதற்குச் சில மாதம் முன்பே போகும் காகிதத்துக்குத்தான் மதிப்பு.

மகஜர் கொடுக்க முன்கூட்டியே நேரம் வாங்கி நான்கைந்து பேர் போனால் போதும். ஊர்வலமாகப் போக நினைத்தால் 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டம் 5 நாள் முன்னறிவிப்புக் கேட்கிறது. அறிவிக்காததைக் குற்றமாக்கும் பிரிவு செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது, ஆனாலும் மாவட்டப் போலீஸ் தலைவருக்குத் தெரியப்படுத்திவிடுங்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இத்தகைய பேரணிக்கு அழைத்துப் போக அந்தச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. உங்கள் நிலையத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வயதுதான்.

வழக்குப் பற்றிக் கேட்டீர்கள். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் உரிமைகளை அழகாக அடுக்குகிறது, ஆனால் மீறினால் தண்டனை என்று ஒன்றும் வைக்கவில்லை. நல்லெண்ணத்தில் செய்ததற்கோ செய்யத் தவறியதற்கோ அரசின்மீது வழக்குத் தொடர முடியாதபடி 41ஆம் பிரிவு காப்புக் கொடுக்கிறது. மாற்றுத்திறனாளி அமைப்புகள் இந்தச் சட்டத்தைத் திருத்தச் சொல்லி நீண்ட காலமாகக் கேட்டு வருவது இதனால்தான். உங்கள் மகஜரின் கடைசியில் ஒரு வரியில் அந்தக் கோரிக்கைக்கு ஆதரவு தெரிவிக்கலாம். வழக்குக்குப் பதில் சுஹாக்காமுக்கு, அதாவது மனித உரிமை ஆணையத்துக்கு, ஒரு புகார் போகலாம். அவர்களால் உத்தரவிட முடியாது, விசாரித்துப் பரிந்துரைக்க முடியும், அந்தப் பரிந்துரையை நீங்கள் அடுத்த கடிதத்தில் மேற்கோள் காட்டலாம்.

தனியாகக் கையெழுத்திடுவதில் சட்டச் சிக்கல் இல்லை. பேச்சுரிமை அரசியலமைப்பின் 10ஆம் விதியின்கீழ் குடிமகளான உங்களுக்கு உண்டு. ஆனால் சங்கத்தின் கடிதத் தாளையும், சங்கத்தின் வழியாகக் கிடைத்த பிள்ளைகளின் விவரங்களையும் செயலவை ஒப்புதல் இல்லாமல் பயன்படுத்த முடியாது. அவை இல்லாமல் உங்கள் கடிதத்துக்கு எடை குறைவு. தனி அமைப்பு, உத்தரவாத வரம்பு நிறுவனம் (பங்குகள் இல்லாமல் உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் பதிவாகும் நிறுவனம்) என்றெல்லாம் இப்போது போக வேண்டாம். தணிக்கை, நிறுவனச் செயலாளர், கட்டணம் என்று இருக்கிற காசும் அதிலேயே போய்விடும். உங்கள் பொருளாளர் பேச்சாளராக இருக்கவே கூடாது. அவர் அரசு ஊழியர், 1993ஆம் ஆண்டு நடத்தை ஒழுங்கு விதிகளின் 19ஆம் விதி, அனுமதியின்றிப் பொது அறிக்கை விடுவதைத் தடுக்கிறது. கணக்கையும் அட்டவணையையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆக, மீதமிருப்பது செயலவை. தலைவரைத் தனியாகப் போய்ப் பாருங்கள், கூட்டத்தில் வைத்துத் தோற்கடிக்க நினைக்காதீர்கள். இத்தனை ஆண்டு அந்த நிலையத்தைக் கட்டிக் காத்தவர் அவர், அதை இழந்துவிடுவோமோ என்பதுதான் அவர் கவலை. சட்டவிதி, வரி அங்கீகாரக் கடிதம், மானிய ஒப்பந்தம் மூன்றையும் கையில் கொண்டுபோய் அவரோடு உட்கார்ந்து படியுங்கள். பிறகு கூட்டத்தில் இப்படி ஒரு தீர்மானம் முன்மொழியலாம்: "மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் மருத்துவ மதிப்பீடு, போக்குவரத்து ஆகிய இரண்டு விஷயங்களில் மட்டும், பெற்றோர் கூட்டத்தின் ஒப்புதலோடு, கட்சி சார்பின்றி, சம்பந்தப்பட்ட துறைகளுக்கு எழுத்துப்பூர்வமாகக் கோரிக்கை சமர்ப்பிக்கச் செயலாளருக்கு இந்தச் செயலவை அதிகாரம் அளிக்கிறது. பத்திரிகை அறிக்கை எதுவும் தலைவரின் கையெழுத்தோடு மட்டுமே வெளியாகும்." கடைசி வாக்கியம் தலைவருக்காகச் சேர்த்தது. அவர் கையில் ஒரு பிடி இருந்தால் சம்மதிக்கத் தயங்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

தீர்மானம் நிறைவேறினால் கூட்டக் குறிப்பில் பதிவு செய்து, திருத்திய மகஜரை எனக்கு அனுப்புங்கள், கட்டணமில்லாமல் பார்த்துத் தருகிறேன். மானிய ஒப்பந்தத்தில் உங்களுக்குப் புரியாத ஷரத்து இருந்தால் அதன் நகலையும் பிள்ளைகளின் பெயர் எதுவும் இல்லாமல் அனுப்புங்கள். அட்டவணையை மட்டும் இன்றைக்கே தொடங்கிவிடுங்கள், அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை.